சதுரக் கிலோமீற்றருக்கு 0.3 ஆள்: கௌத்தோகெய்னோவில் ஐந்து நாட்கள்

முதல் நாள், திங்கள்

ஒஸ்லோவிலிருந்து விடிய வெளிக்கிட்டு மத்தியானத்துக்குள் வட நோர்வேயின் ஆல்தாவில் இறங்கிவிட்டேன். வாடகைக் கார் எடுத்து 93ஆம் இலக்க வீதியில் தெற்கே திரும்பினால் கௌத்தோகெய்னோ ஏறக்குறைய 130 கிலோமீற்றர். தொடக்கத்தில் பைன் மரங்கள் நல்ல உயரமாக நின்றன. பள்ளத்தாக்கால் ஏறி மேட்டுநிலத்துக்கு வந்ததும் மரங்கள் சிறுத்துவிட்டன. ஆள் உயரத்துக்குக் கோணல் மாணலாக பேர்ச் மரங்கள், அதற்குப் பிறகு பனியும் வானமும்தான். மார்ச் கடைசி என்பதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. எதிரே வந்த வாகனங்களை எண்ணிக்கொண்டே போனேன். மாஸே ஊர் வரும்வரை பதினொன்று.

அப்பா நோர்வேக்கு வந்து முதலில் வேலை பார்த்தது இதே ஃபின்மார்க் மாகாணத்தின் கரையோரத்தில், ஒரு மீன் தொழிற்சாலையில். எண்பதுகளில் வந்த பல ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு நோர்வே அந்தக் கரையில்தான் தொடங்கியது. இரண்டு ஷிப்ட் வேலை செய்தவர்களுக்கு உள்நாட்டுப் பக்கம் போய்ப் பார்க்க நேரமும் இருக்கவில்லை, காரணமும் இருக்கவில்லை. "உள்ளுக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை, வெறும் பனிதான்" என்பார் அப்பா. பள்ளிக்கூடத்தில் வரைபடத்தைக் காட்டிய ரீச்சரும் ஏறத்தாழ அதையேதான் சொன்னார். அந்த "ஒன்றுமில்லை" பல வருடங்களாக எனக்குள் கிடந்து உறுத்துகிறது. அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். நோர்வேயில் 357 கொம்மூன்கள் இருக்கின்றன. கொம்மூன் என்பதை ஊரில் பிரதேச சபைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் பொறுப்பு பல மடங்கு கூட. அந்த 357இல் பரப்பளவில் மிகப் பெரியது கௌத்தோகெய்னோ: சுமார் 9,700 சதுரக் கிலோமீற்றர். சைப்பிரஸ் தீவு முழுவதும் இதைவிடக் கொஞ்சம் சிறியது. இவ்வளவு நிலத்தில் வாழ்பவர்கள் 2,900 பேர் அளவில். பத்தில் ஒன்பது பேரின் பேச்சுமொழி வடசாமி. சாமி என்பது இந்தப் பூர்வகுடி மக்கள் தங்களைத் தாங்களே அழைக்கும் பெயர். வெளியார் முன்பு வைத்த "லாப்" என்ற பெயரை அவர்கள் விரும்புவதில்லை, நானும் எழுதமாட்டேன்.

மாஸேயில் காரை நிறுத்தி ஆற்றங்கரைக்கு இறங்கினேன். ஆறு உறைந்து கிடந்தது. பனிச்சறுக்கு ஸ்கூட்டர்களின் தடம் அதன்மேல் வீதி மாதிரிப் போட்டிருந்தது. ஒரு தேவாலயம், பள்ளிக்கூடம், கொஞ்ச வீடுகள். 1968இல் வெளிவந்த மின்சாரத் திட்டத்தின்படி இந்த ஊர் முழுவதும் அணைத் தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும். 1970இல் பாராளுமன்றக் குழுவொன்று பார்வையிட வந்தபோது ஊர்ச்சனம் பதாகையோடு வீதியில் நின்றது. "நாங்கள்தான் முதலில் வந்தோம்" என்று எழுதியிருந்தார்கள். 1973இல் ஊரைத் திட்டத்திலிருந்து விலக்கினார்கள். அணை பிறகு ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் கட்டப்பட்டது. 1979இல் ஒஸ்லோவில் பாராளுமன்றத்துக்கு முன்னால் கூடாரம் போட்டு உண்ணாவிரதம், 1981 ஜனவரியில் சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை அகற்ற நூற்றுக்கணக்கில் பொலிஸ். அணையைத் தடுக்க முடியவில்லை. ஆனால் சாமி மக்களின் உரிமையைப் பற்றி அதற்குப் பிறகு அரசால் பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

கரையில் கால்மணி நேரம் நின்றேன். தேவாலயத்துப் பக்கம் ஒரு அம்மா, சறுக்குக் கட்டையில் உதைத்துத் தள்ளிக்கொண்டு போகும் கதிரை வண்டியில் கடைச் சாமான்களை வைத்துக்கொண்டு போனார். எனக்குக் கை காட்டினார். தண்ணீருக்குள் போயிருக்க வேண்டிய தெரு.

இரண்டாம் நாள், செவ்வாய்

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரி கொம்மூனில் வேலை செய்கிறார். வயோதிபர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை. காலையில் கோப்பி ஊற்றி, அதற்குள் சீஸ் துண்டுகளைப் போட்டுத் தந்தார். சீஸ் கரையாமல் மெதுவாக இளகி, கடிக்கும்போது பல்லில் கிறீச் என்றது. காய்ந்த மான் இறைச்சியையும் சீவிப் போடுவார்களாம். இங்கே மான் என்றால் துருவ மான், நோர்வேஜிய மொழியில் ரெய்ன். குடித்து முடித்துக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட வேண்டும்.

அவரோடு கொம்மூன் கட்டடம்வரை போனேன். வாசலில் சின்னம்: நீல நிறத்தில் மஞ்சள் லாவு, அதாவது சாமிக் கூடாரம். பெயர் இரண்டு மொழியில். சாமி மொழியில் குவோவ்தகெய்ட்னு, பாதி வழி என்று பொருள். பழைய காலத்தில் இடம்பெயரும் பாதைகளின் நடுவில் இருந்த தரிப்பிடம். சபைக்கு 19 உறுப்பினர்கள், நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். நாட்டின் பெரிய கட்சிகளும் போட்டியிடுகின்றன. ஆனால் எனக்குப் பிடித்தது உள்ளூர்ப் பட்டியல்கள். ஒன்று மான் மந்தையோடு இடம்பெயரும் சாமிகளின் பட்டியல், இன்னொன்று நிலையாக வீடு கட்டியிருக்கும் சாமிகளின் பட்டியல். வெளியிலிருந்து பார்த்தால் "சாமி மக்கள்" என்று ஒரே கூட்டம். உள்ளே வந்தால் மேய்ப்பவருக்கும் மேய்க்காதவருக்கும் வேறு வேறு கவலை, வேறு வேறு வாக்கு. எல்லா ஊரையும் போல இங்கேயும் அரசியல் இருக்கிறது என்பதில் எனக்கு மெய்யாகவே ஒரு நிம்மதி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பூர்வகுடி கொம்மூன் என்று நோர்வேயில் தனிச் சட்டம் கிடையாது. ஒஸ்லோவுக்கு உள்ள அதே உள்ளூராட்சிச் சட்டம்தான் இங்கேயும். பத்தாம் வகுப்புவரை பள்ளிக்கூடம், பாலர் பள்ளி, குடும்ப வைத்தியர், முதியோர் பராமரிப்பு, குடிதண்ணீர், உள்ளூர் வீதி எல்லாம் கொம்மூனின் தலையில். பெரும்பான்மை சாமிகளாக இருப்பதால்தான் சபை அவர்களுடையதாகிறது. அதோடு சாமி மொழிச் சட்டவிதிகளும் இருக்கின்றன. 1992இல் நடைமுறைக்கு வந்தபோது ஆறு கொம்மூன்கள் அதற்குள் வந்தன, அவற்றில் இதுவும் ஒன்று. இங்கே நீங்கள் சாமி மொழியில் கடிதம் போட்டால் அலுவலகம் சாமி மொழியில் பதில் தந்தாக வேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரி, சட்டத்தைவிட எனக்குப் புரிகிற ஒன்றைச் சொன்னார். அவர் பராமரிக்கும் ஒரு மூதாட்டிக்கு மறதி நோய். ஐம்பது வருடம் சரளமாகப் பேசிய நோர்வேஜிய மொழி இரண்டு வருடத்தில் போய்விட்டது. மிச்சம் இருப்பது தாய் பேசிய மொழி மட்டும். "தாகம் என்று சொன்னால் விளங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பதுதான் எங்கள் கொம்மூன்" என்றார். எனக்கு உடனே அம்மம்மா நினைவு. அவர் கடைசிக் காலத்தில் ஒஸ்லோவில் தமிழில் கேட்டதை அந்த இல்லத்தில் யாருக்கும் விளங்கவில்லை. வேலை முடிந்து நாங்கள் போய்ச் சேரும்வரை காத்திருந்தார்.

வீட்டுக்காரி இன்று மூன்று வீட்டுக்குப் போனார். மொத்தம் 140 கிலோமீற்றர் ஓட்டியதாகச் சொன்னார். ஊர் மையத்தில் ஏறக்குறையப் பாதிச் சனம். மிச்சப்பேர் மாஸேயிலும் ஆற்றோரமும் ஏரியோரமும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களிலும். ஆள் குறைவு என்றால் செலவும் குறைவு என்று நினைப்பது பெரிய பிழை. இங்கே ஒவ்வொரு ஆளுக்கும் தூரம் சேர்ந்துகொள்கிறது. அரசு மானியம் இல்லாமல் இது நடக்காது. ஆட்களை வடக்கே வைத்திருக்க வேறு சலுகைகளும் உண்டு: வேலை கொடுப்பவருக்கு ஊதிய வரி பூச்சியம், வருமான வரி குறைவு, இங்கே வந்து வேலை செய்தால் படிப்புக் கடனில் வருடாவருடம் ஒரு பங்கு தள்ளுபடி. இருந்தும் சனத்தொகை மூவாயிரத்துக்குக் கீழே மெதுவாக இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்றாம் நாள், புதன்

காலையில் மைனஸ் 24. கார் கிளம்பவில்லை, பற்றரி செத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் வயர் கொண்டுவந்து கொளுவித் தந்தான். காசு நீட்டினேன், சிரித்துவிட்டுப் போய்விட்டான். 2024 ஜனவரியில் இங்கே மைனஸ் 43.5 வந்தது. அதைக் கேட்டபிறகு நான் குளிரைப் பற்றிப் பேசவில்லை.

சாமி உயர்கல்லூரியைப் பார்த்தேன். 1989இலிருந்து இயங்குகிறது, பாடமும் நிர்வாகமும் சாமி மொழியில். கொஞ்சத் தூரத்தில் 2024இல் திறந்த சோவார்வேமாத்தா: சாமி தேசிய நாடக அரங்கும் மான் வளர்ப்புப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் ஒரே கூரைக்குள். பெயர் மான் கொம்பின் அடிப்பகுதியைக் குறிக்கிறது, கொம்பிலேயே உறுதியான இடம் அதுதான். 2,900 பேர் உள்ள ஊரில் ஒரு உயர்கல்லூரி, ஒரு தேசிய அரங்கு! சனத்தொகைப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது வீண்செலவு. ஒரு மொழிக்குத் தலைநகரம் வேண்டும் என்று நினைப்பவருக்கு வேறு வழியே இல்லை.

மத்தியானம், வீட்டுக்காரியின் மாமாவைப் பார்க்கப் போனோம். எண்பதை நெருங்குகிறார், வாழ்நாள் முழுக்க மான் மேய்த்தவர். போகும் வழியில் வீட்டுக்காரி ஒரு எச்சரிக்கை தந்தார்: "எதை வேண்டுமானாலும் கேளுங்கள். எத்தனை மான் இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்." வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்குச் சமமாம்.

பிடோஸ் என்ற மான் இறைச்சிக் குழம்பு, உருளைக்கிழங்கும் கரட்டும் போட்டது, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. மான்களை எப்படி அடையாளம் காண்பீர்கள் என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து வந்தார். அதைக் காது வடிவத்தில் மடித்தார். இடுப்புக் கத்தியை உருவி, நுனியில் சாய்வாக ஒரு சீவல், பின்விளிம்பில் முக்கோணமாக ஒரு கொத்து, அதன் கீழே இன்னொன்று. இன்னொரு துண்டை எடுத்து மற்றக் காது: நுனியில் பிளந்து விட்டார், முன்விளிம்பில் ஒரு கொத்து. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது நான், என்றார். மறுபடி மடித்து, ஒரு கொத்தை மட்டும் இடம் மாற்றி வெட்டினார். இது என் மகள். ஒவ்வொரு வெட்டுக்கும் சாமி மொழியில் தனிப் பெயர் உண்டு. ஒவ்வொரு உரிமையாளருக்கும் பதிவு செய்யப்பட்ட தனிக் குறி உண்டு. பிறந்த பிள்ளைக்கும் குறி வாங்கி வைப்பார்கள். கோடையில் கன்றுகளைச் சுருக்குக் கயிறு எறிந்து பிடித்துக் காதை வெட்டுவார்கள். வெட்டிய துண்டுகளைச் சேர்த்து வைத்துத்தான் அந்த வருடக் கன்றுகளைக் கணக்குப் பார்ப்பது. ஓடுகிற மந்தையில் தூரத்திலிருந்தே காதைப் படித்துவிடுவார்கள். நான் தாள் காதையே மூன்று முறை பார்த்தும் தகப்பனையும் மகளையும் மாற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகத் திருப்பி வைத்தார்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டபோது கொஞ்ச நேரம் குழம்பைக் கிண்டினார். ஏழு வயதில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஒரு வார்த்தை நோர்வேஜிய மொழி தெரியாது. முதல் இரண்டு வருடம் ஆசிரியர் என்ன சொன்னார் என்றே தெரியாது, மற்றப் பிள்ளைகள் எழுந்தால் எழுந்தாராம், உட்கார்ந்தால் உட்கார்ந்தாராம். 1898இன் அரசாங்க உத்தரவு சாமி மொழியை வகுப்பறையில் விளங்கப்படுத்தும் துணைக்கு மட்டும் விட்டுவைத்திருந்தது. 1902இன் நிலச் சட்டத்தோடு வந்த விதிப்படி, நோர்வேஜிய மொழி பேசவும் எழுதவும் தெரியாதவருக்கு ஃபின்மார்க்கில் அரச நிலம் விற்கப்படவில்லை. சாமி மொழியில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கத் தொடங்கியது 1967இல்தான். இந்த மொழி ஒடுக்குமுறையை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2023 ஜூனில் அறிக்கை தந்தது. 2024 நவம்பரில் பாராளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. கேட்டீர்களா என்றேன். வானொலியில் கேட்டேன் என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தத் தாள் காதுகளை எனக்கே தந்துவிட்டார். நாட்குறிப்புக்குள் வைத்திருக்கிறேன்.

நான்காம் நாள், வியாழன்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "எல்லோருக்கும் குறி" என்ற மாதிரி விளங்கியிருக்கும். மான் உள்ளவருக்குத்தான் குறி. கௌத்தோகெய்னோவில் எல்லோரும் மான் மேய்ப்பவர்கள் அல்ல. கொம்மூன் வேலை, பள்ளிக்கூடம், கடை, கல்லூரி என்று இருப்பவர்கள்தான் அதிகம்.

இன்று குன்றின்மேல் இருக்கும் சிவப்புத் தேவாலயம். பழையதை 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை எரித்தது, இது 1958இல் கட்டியது. இந்த ஊர் தனிக் கொம்மூன் ஆனது 1851இல். அடுத்த வருடமே எழுச்சி. 1852இல் ஃபின்லாந்து எல்லையை மான் மந்தைகளுக்கு மூடினார்கள், குளிர்கால மேய்ச்சல் போனது. சாராய வியாபாரத்தின்மேல் வெறுப்பும் புதிய மத எழுச்சியின் வேகமும் ஒன்றாகச் சேர்ந்தன. 8 நவம்பர் 1852 அன்று ஒரு கூட்டம் ஊருக்குள் வந்து வியாபாரியையும் அதிகாரியையும் கொன்றது, பாதிரியாரைச் சவுக்கால் அடித்தது. அவர்களை அடக்கிப் பிடித்ததிலும் சாமிகள் இருந்தார்கள். 1854இல் ஆல்தாவில் அஸ்லாக் ஹேத்தா, மோன்ஸ் சோம்பி என்ற இருவரின் தலையை வெட்டினார்கள். தலைகள் ஆய்வுக்கென்று தலைநகரப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. திரும்பி வந்து மண்ணுக்குள் போனது 1997இல். 143 வருடம். கொல்லப்பட்டவர்களுக்காகவும் மனம் வருந்துகிறது. ஆனால் ஒரு மனிதனின் தலையை அவ்வளவு காலம் உறவினரிடம் கொடுக்காமல் வைத்திருந்ததற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள், வெள்ளி

காராஸ்யோக்குக்கு 130 கிலோமீற்றர் அளவு ஓட்டிப் போய்ச் சாமிப் பாராளுமன்றத்தைப் பார்த்தேன். அந்தச் சபையை 1989இல் அரசர் ஐந்தாம் ஊலவ் தொடக்கிவைத்தார், 39 உறுப்பினர்கள். கட்டடம் பிறகு வந்தது. லாவு மாதிரிச் சரிந்த சபை மண்டபம், சுற்றிலும் மரப்பலகை.

அங்கேதான் சனத்தொகை பற்றிய என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. நோர்வே தன் சனத்தொகைப் பதிவில் யார் சாமி என்று எழுதுவதில்லை. கௌத்தோகெய்னோவில் 2,900 தலை என்று அரசுக்குத் தெரியும், அவற்றில் எத்தனை சாமி என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. இருப்பது சாமிப் பாராளுமன்ற வாக்காளர் பட்டியல் மட்டும். விரும்பினால் நீங்களாகப் பதியலாம்: தன்னைச் சாமியாக உணர வேண்டும், அதோடு தானோ பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பூட்டன் பூட்டியோ வீட்டில் சாமி மொழி பேசியிருக்க வேண்டும். 2021இல் அந்தப் பட்டியல் இருபதாயிரத்தைத் தாண்டியது. மூன்று தலைமுறை மொழியை மறைத்து வளர்ந்த குடும்பங்களில் இன்றும் பதியாதவர்கள் உண்டு. எண்ணப்படுவதும் எண்ணுவதும் இந்த மக்களுக்கு லேசான விசயமில்லை என்று இப்போது விளங்குகிறது.

நிலம் யாருடையது என்றும் கேட்டேன். 2005இன் ஃபின்மார்க் சட்டத்தின்படி மாகாணத்தின் 95 வீதமான நிலம், ஏறக்குறைய 46,000 சதுரக் கிலோமீற்றர், அரசிடமிருந்து ஃபின்மார்க் நில நிறுவனத்துக்கு மாறியது. அதன் சபையில் ஆறு பேர்: மூவரைச் சாமிப் பாராளுமன்றமும் மூவரை மாகாண சபையும் நியமிக்கின்றன. ஆக, கொம்மூனுக்கு நிலம் சொந்தமில்லை. ஆனால் நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று திட்டமிடும் அதிகாரம் கொம்மூனுக்கே உண்டு. கௌத்தோகெய்னோ எல்லைக்குள் பியெத்யோவாக்கி என்ற இடத்தில் 1991இல் மூடிய செம்பு, தங்கச் சுரங்கத்தை மறுபடி திறக்க ஒரு நிறுவனம் வந்தபோது, 2012இல் சபை அதன் ஆய்வுத் திட்டத்துக்கே அனுமதி தரவில்லை. வேலை வரும் என்றவர்களும் மேய்ச்சல் போகும் என்றவர்களும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே மொழியில் சண்டை போட்டார்கள். அந்தச் சுரங்கம் இருக்கும் இடத்தை வரைபடத்தில் பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். மேய்ப்பவரைக் கேட்டால் வசந்தத்தில் மந்தை போகும் பாதை, கன்று ஈனும் சரிவு, காற்றுக்கு ஒதுங்கும் பள்ளம் என்று கைவைக்க இடமில்லாமல் சொல்வார். ஒரு மான் குளிர்காலம் முழுக்கப் பனியைத் தோண்டிப் பாசி தின்ன வேண்டும். அதற்குத்தான் இத்தனை நிலம். 0.3 ஆள் என்ற கணக்கில் மானும் இல்லை, பாசியும் இல்லை.

இரவு அப்பாவுக்குப் போன் எடுத்தேன். ஏப்ரலில் இங்கிருந்து மந்தைகள் கரையை நோக்கி நடக்கத் தொடங்கும், சில மந்தை தீவுகளுக்கே போகும், இலையுதிர் காலத்தில் திரும்பி வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எங்கட மீன் ஃபக்டரி ஊரிலயும் கோடையில ரெய்ன் வரும் பிள்ளை. றோட்டு முழுக்க நிக்கும், கடை வாசல்லயும் படுத்துக் கிடக்கும்" என்றார்.

"ஆற்ற மான் எண்டு நினைச்சீங்கள் அப்பா?"

"ஒருத்தற்றயும் இல்லை எண்டுதான். காட்டு மிருகம் தானே."

"காதைப் பாத்தனீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "காதில வெட்டு இருந்தது பிள்ளை. எல்லாத்துக்கும் இருந்தது. நாங்கள் நாய் கடிச்சதெண்டு நினைச்சம்."